அவசரத்துக்கு

பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம்
பள்ளிகொண்டா பஜாரில் வாங்கிய டார்ச்.
ஒரே ஒரு ராத்திரி அடித்தோம்,
தரைப்பாலம் இருந்த இடத்தில்
பழுப்பாய் ஓடுவதைப் பார்க்க.
பிறகு பீரோ மேல்.
அவசரத்துக்கு இருக்கட்டும் என்றார் ஏகாம்பரம்.

நேற்று கரண்ட் போனது.
அமுக்கினேன். அமுக்கினேன்.
மூடி அசையவில்லை.
துணி சுற்றி, முழங்காலில் இடுக்கித் திருகினால்
மூன்று செல்லும் வெள்ளையாய்ப் பூத்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன.
ஸ்பிரிங் பாசி நிறம்.
பட்ட விரல் இன்னும் அரிக்கிறது.

எலுமிச்சை பிழிந்தேன்.
சீறி நுரைத்தது.
துடைக்கும்போது
ஸ்பிரிங் கையோடு ஒடிந்து வந்தது.

ஆற்றில் இப்போது மணல்தான், அதுவும் பாதி.
ஈரம் இத்தனை நாளும்
எங்கள் பீரோ மேல் இருந்திருக்கிறது.

மெழுகுவர்த்தியைக் கிட்டே பிடித்துக்கொண்டு
ஏகாம்பரம் கேட்கிறார்:
புது செல் போட்டால் எரியுமா?