எட்டாவது கிணறு

மீன் ஏற்றி ஓடிய கூலர் லொறிதான்.
ரூபகாந்தன் யன்னல் வெட்டினான்,
நான் திரை தைத்தேன்,
காஸ் அடுப்பைக் கம்பியால் இறுக்கிக் கட்டினோம்.
நுவரெலியாவுக்குப் போகிறோம் என்று
உப்புவெளி முழுக்கச் சொல்லியாயிற்று.

கன்னியாவில் கொதித்துவிட்டது ரேடியேட்டர்.
பத்துக் கிலோமீற்றர்கூட ஆகவில்லை.

இங்கே வெந்நீர்க் கிணறு ஏழு,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு.
"இந்தா, எட்டாவது!"
பொனற்றைத் திறந்து
சுட்ட விரலை உதறியபடி சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இரண்டு ஸ்வெற்றர் கடனுக்கு வாங்கியிருந்தேன்.

இரவு அங்கேயே.
பின்கதவை அகலத் திறந்தால்
குரங்குகள் உறங்கப் போன குன்று.
பகல் முழுக்கக் குடித்த வெயிலைப்
பாறை எங்கள் பக்கம்
கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக்கொண்டிருந்தது.
உள்ளே,
எத்தனை போத்தல் டெட்டோல் ஊற்றியும் போகாத
பாரைமீன் வாசம்.
கடல் எங்களை விட்டு இறங்குவதாயில்லை.

விடியப்புறம் குன்றின் இடுப்பில்
வெள்ளையாய் ஏதோ சுற்றிக்கொண்டது.
பனியோ, கிணற்று ஆவியோ,
நான் விசாரிக்கப் போகவில்லை.
ஸ்வெற்றரை எடுத்து மாட்டினேன்,
விலைச்சீட்டு கழுத்தில் குத்தக் குத்த.
மற்றதை அவன்மேல் எறிந்தேன்:
"எழும்பு, குளிருது."