ஒன்றரை

ஹாப்சலு விரிகுடாவின் மரப்பாலத்தில்
ஒரு கரும்பலகை.
காலை ஏழுக்கு நான் அதில் ஓர் எண் எழுதுவேன்,
வேறொன்றும் எழுதுவதில்லை.
குளிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப்
பொத்தானைக் கழற்றுவார்கள்
அல்லது சைக்கிளைத் திருப்புவார்கள்.

கயிற்றில் கட்டிய வெப்பமானி.
மூன்றாவது முடிச்சு நனையும்வரை இறக்கி
நூறு எண்ணி இழுக்க வேண்டும்.
நடுவில் பேச்சுக் கொடுத்தால்
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.
மைமுவுக்கு இது தெரியும்.
தெரிந்தேதான் பேசுவாள்.

ஜூலையில் இருபத்திரண்டு, நாணல் வேர் வேகிற வாசனை.
அக்டோபர் நடுவில் பத்து.
ஞாயிற்றுக்கிழமை காட்டு ஏரிக்குப் போவேன்,
அது என் சொந்த ஆசைக்கு:
மார்பளவுவரை ஆகஸ்ட்,
காலை நீட்டினால் ஏப்ரல்.
இதை எந்தப் பலகையில் எழுதுவது?

பக்கத்து வீட்டு ஹில்லார் தன் தோட்டக் குளத்துக்காக
என் வெப்பமானியை இரவல் வாங்குவார்.
ஏழு தங்கமீன்கள்.
பத்துக்குக் கீழே போனால் இரை போடக் கூடாதாம்,
தின்றது குடலிலேயே தங்கிவிடுமாம்.
இந்த இலையுதிர்காலத்தில் அவரே புதிதாக ஒன்று வாங்கினார்.
என்னுடையது பத்தரை என்றது.
அவருடையது ஒன்பது.
மீன்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன.

காப்பிக் கோப்பையில் பனிக்கட்டியை நொறுக்கி
கொஞ்சம் தண்ணீர் விட்டு
இரண்டையும் செருகிவைத்தார்.
இது பூஜ்யம், இதில் வழக்கே இல்லை என்றார்.
அவருடையது பூஜ்யத்துக்கு இறங்கிற்று.
என்னுடையது ஒன்றரையில்
கூசாமல் நின்றது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம்:
சிவப்புக் கோட்டில் ஒரு மயிரிழை இடைவெளி.

இரவு குறிப்பேடுகளைப் பிரித்தேன், பதினொன்று.
முதல் மூன்று குளிர்காலங்களில்
பனித்துளைக்குள் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
நான்காவதிலிருந்து
ஒன்றரைக்குக் கீழே ஒரு நாள்கூட இல்லை.
இடையில் ஒரு ஜான் திருநாள் இரவு.
சவுனாவில் எவ்வளவு சூடு என்று விருந்தினர் பந்தயம் கட்ட
நான்தான் அதை எடுத்து
மேல் பலகையில் வைத்தேன்.
யார் ஜெயித்தார்கள் என்று நினைவில்லை.

நம் கடல் இளகுகிறது, பாருங்கள் என்று
பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஏட்டைக் காட்டியிருக்கிறேன்.
கடல் இளகுவது பொய்யில்லை.
நான் சொன்ன சாட்சிதான் பொய்.

அது போகட்டும். லெம்பிட்டிடம் என்ன சொல்வேன்?
நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு
டாக்டர் அவருக்குப் போட்ட எல்லை, பத்து.
பலகையில் பத்து என்றால் இறங்குவார்.
ஒன்பதரை என்றால் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு
எங்களுக்குக் கடிகாரம் பார்ப்பார்.
ஏழு இலையுதிர்காலங்கள்
என் கையெழுத்தை நம்பி
எட்டரைக்குள் இறங்கியிருக்கிறார்.

விடிந்ததும் போனேன்.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.
சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.
விரல்விட்டு எதையோ கணக்குப் பார்த்தார்.
பிறகு சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு.
எட்டரையா? நானா? ஊர்வே, இன்னொரு தரம் சொல்.
மனைவியைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லச் சொன்னார்.
அவள் சிரிக்கவில்லை.
எனக்குக் காப்பி வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

ஏடுகளைத் திருத்தவில்லை நான்.
அந்தத் திருநாள் தேதியின் கீழ் ஒரு பென்சில் கோடு,
பக்கத்தில்: இங்கிருந்து ஒன்றரை கழிக்கவும்.

இன்று புதிய வெப்பமானி, பழைய கயிறு.
லெம்பிட் வந்து நேற்றைய எண்ணின் முன் நின்றார். ஆறு.
பழைய கணக்கில் ஏழரை என்றார்.
கரையில் காருக்குள் அவர் மனைவி,
கண்ணாடியை இறக்காமல்.
அவர் விரல் மேல் பொத்தானில் இருந்தது,
கழற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

நான் கயிற்றை இறக்கினேன்.
முதல் முடிச்சு. இரண்டு. மூன்று.
எண்ணத் தொடங்கினேன்.
மைமு குறுக்கே பேசவில்லை.