நாற்பது எழுத்து

கார்த்திகைக் கடைசியில் வெண்ணாறு கரையேறி
கீழக்கொற்றூர்ச் சம்பாவைக் கழுத்துவரை மூழ்கடித்தது.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் என்னை அனுப்பினார்கள்,
ஐந்நூறு ரூபாய் தினக்கூலிக்கு,
கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்து.

பத்தொன்பது கட்டம்.
சர்வே எண், உட்பிரிவு, பட்டாதாரர் பெயர்,
அழுகிய பரப்பு, வங்கிக் கணக்கு.
பிறகு ஒரு புகைப்படம்.
வரப்பில் நின்று எடுத்தேன். செயலி சிவந்தது:
"படத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது."

செல்லக்கிளியைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னேன்.
முட்டியளவு சேற்றில்
அழுகல் பயிரை அரித்துக்கொண்டிருந்தவள்
ஏன் என்று கேட்கவில்லை.
நகர்ந்தாள்.
பச்சை விளக்கு. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், பொய் வேண்டாம்.
இந்த நிவாரணத்தில் தரகன் இல்லை.
இருபதே நாளில் பணம் வந்தது.
இரண்டு மா வைத்திருக்கும் உத்திராபதி
கூட்டுறவு வங்கியில் கிடந்த தோட்டை மீட்டார்;
அதைப் போட்டுக்கொண்டு அவர் மனைவி
ரேஷன் கடை வரிசையில் நின்றதை நானே பார்த்தேன்.
அதுவும் கணக்கில் இருக்கட்டும்.

ஆனால் நூற்று நாற்பதாம் எண்.
ஆறு ஏக்கர், சோமாஸ்கந்தன் பெயரில்.
பெங்களூரில் இருக்கிறார், தேருக்கு வருவார், நல்ல மனிதர்.
குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு
எனக்கே போன் போட்டுக் கேட்டார்:
"இது எதுக்கும்மா வந்திருக்கு?"
விதை வாங்கியது, வட்டிக்கு எடுத்து உரம் போட்டது
பக்கிரிசாமி, குத்தகைக்காரர்.
குத்தகை வாய்ப்பேச்சு.
வாய்க்குப் பட்டா எண் கிடையாது.
நட்டது, முதல் களை பறித்தது பதினான்கு பெண்கள்.
இரண்டாங்களைக் கூலியை நம்பி
அவர்கள் வாங்கிய கடன் மட்டும்
அந்த வயலில் அழுகவில்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
இம்முறை கணக்குப் பார்த்தது உழுதவன் இல்லை.
உழக்கு மிஞ்சியது,
வேறு வீட்டில்.

ஒன்று சொல்லவா, தாசில்தார் ஐயா.
புதிதாய் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.
நடவுக்கு ஆள் சேர்க்கும் தையல்நாயகியிடம்
மகன் பாதியில் விட்ட கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது.
எந்த வயல், எந்த நாள், யார் யார்,
அரை நாளா, முழு நாளா.
எல்லாம் பென்சில் கோடு.
உங்கள் அடங்கலைவிடச் சுத்தம்.
அதை எடுங்கள். கிராமசபையில் உரக்கப் படியுங்கள்.
நிலத்துக்கு ஒரு பங்கு,
விதைத்தவருக்கு ஒரு பங்கு,
வெள்ளம் தின்ற வேலைநாளுக்கு ஒரு பங்கு.
எந்தப் பங்கு பெரியது என்று சண்டை வரும். வரட்டும்.
இத்தனை நாள் சண்டை வராததுதான் கோளாறு.

பொய்ப்பெயர் நுழையும் என்கிறீர்கள்.
ஒரே நிரையில் குனிந்தவளுக்குப்
பக்கத்தில் குனிந்தது யாரென்று தெரியாதா?

ஓட்டை இதிலும் உண்டு.
தையல்நாயகிக்கு ஆகாதவள் நோட்டில் இல்லை.
தெற்குத்தெருவை அவள் கூப்பிடுவதே
ஆள் பற்றாத நாளில்தான்.
அதனால்தான் சொல்கிறேன்: சபையில், சத்தமாக,
தெற்குத்தெருவுக்குக் கேட்கும்படி.
விடுபட்டவள் எழுந்து "நான்?" என்று கேட்க
ஒரு இடம் வேண்டும்.
செயலியில் எழுந்து நிற்க முடியாது.

மனு கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள்.

மாசியில் மறுகணக்கெடுப்பு.
அதே செயலி, அதே பத்தொன்பது கட்டம்.
கடைசிக் கட்டம் குறிப்புரை, கட்டாயமில்லை,
நாற்பது எழுத்துக்கு மேல் போகாது.
புள்ளியையும் கொம்பையும்கூடத் தனித்தனியே எண்ணும் எந்திரம்.
நூற்று நாற்பதாம் எண்ணுக்கு நேரே
சேற்றில் நின்ற வரிசைப்படி அடித்தேன்:

தையல்நாயகி, செல்லக்கிளி, பொன்னுருவி, காத