இலைக் கணக்கு

இந்த வாரம் பச்சை இலை கிலோ பதினெட்டு.
ஆகவே அந்த ஆறாம் நம்பர் பிரஷ்
இரண்டரை கிலோ.

கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஜெபா ஸ்டேஷனரியில் எல்லா விலையையும்
நான் இப்படித்தான் படிக்கிறேன்.
கண்ணாடி அலமாரியில் ஒரு மரப்பெட்டி,
இருபத்துநாலு டியூப், மடக்கும் ஸ்டாண்டு,
மூடியில் ஏதோ வெளிநாட்டு ஏரி:
சரியாக நூறு கிலோ.
என் அரை ஏக்கரை மூலைமுடுக்கெல்லாம் கிள்ளினாலும்
ஒரு சுற்றுக்கு அவ்வளவு தேறாது.

"பசங்களுக்குத்தானே, எடுத்துக்கோங்கக்கா" என்றாள் பியூலா.
"எனக்கு" என்றேன்.
எழுத ஆரம்பித்த பில்லை
அவள் மெதுவாக அடித்தாள்.

போன மாதம் ஒருமுறை ஏமாந்தாயிற்று.
பன்னிரண்டு வில்லை, அறுபது ரூபாய்.
அதில் பச்சை என்று ஒன்று இருந்தது,
பல் தேய்க்கிற பேஸ்ட் நிறத்தில்.
நாற்பத்தொரு வருஷமாக இலை பார்த்த கண் இது.
கொழுந்து ஒரு பச்சை, முற்றல் வேறு,
கொப்புள நோய் விழுந்தது இன்னொன்று,
உறைபனி கருக்கிய ஜனவரி இலைக்குப்
பச்சை என்ற பேரே கிடையாது.

அதனால் பச்சையே வாங்கவில்லை.
ஒரு நீலம், ஒரு மஞ்சள்,
இரண்டும் சேர்ந்து கத்தும்போது
வாயை அடக்க ஒரு சொட்டுச் சிவப்பு.
மூன்று டியூப். தலைக்கு மூன்று கிலோ.
கறுப்பு வேண்டாம்;
மூன்றையும் குழைத்தால் வருகிற இருட்டுதான்
சோலைக்குள்ளும் இருக்கிறது.
வெள்ளை?
மூடுபனிக்கு யாராவது காசு கொடுப்பார்களா.
தூரிகை தொடாமல் விட்ட இடம் அது.

பிரஷ்ஷை மட்டும் நனைத்துப் பார்த்து வாங்கினேன்.
பியூலாவின் டம்ளர் தண்ணீரில் முக்கி ஒரு உதறு:
நாலு விளக்குமாறாகப் பிரிந்தன,
ஐந்தாவது கூம்பியது.

தாளில் கஞ்சத்தனம் கூடாது.
இதை நஷ்டப்பட்டுச் சொல்கிறேன்.
பள்ளிக்கூட டிராயிங் நோட்டில்
ஈரம் பட்டதும் வானம் அப்பளமாகப் புடைத்து
நடுவில் குளம் கட்டி,
குளத்தில் கேத்தரின் அருவியே கரைந்துபோனது.
தடித்த முழுத்தாள் ஒன்று, ஐந்து கிலோ.
எட்டாக மடித்துக் கிழித்துக்கொண்டேன்.
தட்டு, விளிம்பு உடைந்த பீங்கான் சாஸர்.
பென்சில், எடைச் சீட்டைச் சரிபார்க்கிற அதே பென்சில்.

ஆனாலும் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காத
ஒரு பொருள் உண்டு: காய்தல்.
ஆடி மாதம் காலையில் பூசிய வானம்
ராத்திரி கஞ்சிக்கும் ஈரமாகவே இருந்தது.
இரண்டாவது நிறம் வைக்கப் பொறுக்காமல் வைத்து
மலையும் மேகமும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன.

வியாழக்கிழமை இலையோடு அதையும்
அட்டைக்குள் வைத்துப் பேக்டரிக்குக் கொண்டுபோனேன்.
எடை போடுகிறவர் மழை ஈரத்துக்கென்று
எட்டு சதவீதம் கழித்தார்.
படத்தைக் காட்டியிருந்தால்
அதிலும் கழித்திருப்பார்.

உள்ளே டிரையர் வாசலில் ஹாலன்
இரண்டு விரலால் தாளைப் பிடித்து
அப்பளம் சுடுகிறவன் மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினான்.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
ஓரத்தில் கொஞ்சம் தேயிலைத் தூசு ஒட்டியிருந்தது.

"நம்ம புகைக்கூண்டா இது?"
"சில்வர் ஓக்."
"புகைக்கூண்டு மாதிரிதான் இருக்கு."

இருந்தது. பாவி, சரியாகத்தான் சொன்னான்.
கிளை எல்லாம் பிறகு வந்த யோசனை.

வரும்போது ஜீப்பில் தாளை மடியில் வைத்திருந்தேன்.
யாரோ பக்கத்தில் சொன்னார்கள்,
அடுத்த வாரம் இலை பதினாறுக்கு இறங்குமாம்.
அப்படியென்றால் டியூப் ஒன்று
மூன்று கிலோவுக்கு மேலே போய்விடும்.

மஞ்சள் பாதிக்கு மேல் இருக்கிறது.
சிவப்பு தொட்ட மாதிரியே தெரியவில்லை.
நீலம்தான்
முதலில் தீரும் போலிருக்கிறது.