நாலரைக் கிலோ

மெல்பர்னிலிருந்து ஒரு தலையை எடுத்து வருகிறேன்.
எடை பார்த்து, அளவு பார்த்து, சான்றிதழோடு தந்தார்கள்.
நாலரைக் கிலோ. உள்ளே அலுமினியம், மேலே ரப்பர்த் தோல்.
கண் இல்லை, மூக்கு இல்லை.
பிடரியில் ஏழு இலக்க எண்,
தலையெழுத்து அவ்வளவுதான்.

முன் இருக்கையில் வைத்ததும்
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கார் கத்தியது.
வெரிபீ வரை பொறுத்தேன்.
பிறகு ஓரங்கட்டி, தலைக்குப் பெல்ட் மாட்டினேன்.
கார் அடங்கிவிட்டது.

ஜீலாங்கில் எங்கள் கூடத்தில்
குழாய்க்குள் வைத்து இதை எறிவோம்,
மணிக்கு நாற்பது கிலோமீட்டரில், பானெட் மேல்.
பானெட் என் பொறுப்பு.
கரி இழையும் ஆளி இழையும் மாற்றி மாற்றி அடுக்கி
பிசின் ஊற்றி, அடுப்பில் வேகவைத்த தகடு.
எஃகு மூடியில் பாதி எடைகூட வராது.
ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி
வருகிறவர்களிடம் பெருமையடிப்பேன்.

முதல் தகடு ணங்கென்றது. ஒரு கீறல் இல்லை.
எல்லோரும் கைதட்டினோம்.
தூய் மட்டும் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்,
“பானெட்டுக்கு ஒன்றுமில்லை” என்றாள்.

அதற்குப் பிறகு
ஒரு தகட்டுக்குத் தோற்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை.
காற்றில் படபடக்கக் கூடாது.
ஆலங்கட்டிக்குக் குழியக் கூடாது.
தலை வந்தால் மட்டும் வழிவிட வேண்டும்.
உடையட்டும், கூராக உடையாமல்.
கரி சில்லுச் சில்லாகத் தெறிக்கும்;
ஆளி நார்நாராகக் கிழிந்துகொண்டே
கரியைப் பிடித்துக்கொள்ளும்.

தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில்
எழுபது மில்லிமீட்டர் கேட்டேன்.
அழகு கெடும் என்று க்ராண்ட் ஐம்பத்தைந்து தந்தார்.
மிச்சம் ஒரு விரற்கடை.
அதற்கு மூன்று வாரம் சண்டை.

பதினோராவது தகடு பொத்தென்றது.
நடுவில் ஒரு மடிப்பு, ஓரமெல்லாம் நார்.
யாரும் கைதட்டவில்லை, தூய் எண்ணைப் படித்தாள், சிரித்தாள்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று:
இதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லப்போய்
தலைப்பாகையிலேயே சிக்கிக்கொண்டேன்.

ரைரி தெரு, சிவப்பு விளக்கு.
பள்ளிச் சீருடையில் ஒருவன், கையில் சிப்ஸ் பொட்டலம்,
கடக்கிற போக்கில்
என் பானெட்டில் விரலால் தாளம் தட்டிவிட்டுப் போகிறான்.
எஃகு. பதினாறு வருடப் பழைய கார்.
எஞ்சின்மேல் ஒட்டிக் கிடக்கும் மூடி.
அதன் எண் என்ன வருமென்று
அவனுக்குத் தெரியாது.

பச்சை. பின்னால் ஹாரன்.
அவன் நடைபாதை ஏறும்வரை
ப்ரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.
பக்கத்தில் நாலரைக் கிலோ
பெல்ட்டுக்குள் லேசாக உருண்டு
நின்றது.