பூஜ்ஜியம் கிலோ

ராத்திரி எட்டே முக்காலுக்கு
நாகலூரிலிருந்து ஜெரோம் கூப்பிட்டார்.
"நாப்பத்திரண்டு பேரு எடையும் போட்டேன் மேடம்,
சேவ் அமுக்கினா ஏத்துக்கல.
இப்ப பக்கமே வெள்ளையாயிடுச்சு."

மலையில் மழை. டவர் வந்து வந்து போகிறது.
பழியை மழைமேல் போட்டுவிட்டு
அஸ்தம்பட்டி ஆபீசில்
தட்டுவடைக் காரம் ஒட்டிய விரலோடு
சர்வருக்குள் இறங்கினேன்.

சோதனைக்கென்று எழுதி
அழிக்க மறந்த பக்கம் ஒன்று உண்டு.
ஐடியைக் கொடுத்தால் அடுத்தவர் செஷன் திறக்கும்.
திறந்தது.
கடைசியாகத் தொட்டது: எட்டு முப்பத்தொன்பது.
முப்பது நிமிடம் பேச்சில்லையென்றால்
ஜாவா எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

இருந்தன, அத்தனையும் இருந்தன.
செல்லம்மா, காப்பிப் பழம், முப்பத்தெட்டு கிலோ.
பொன்னி, நாற்பத்தொன்றரை.
பதினேழாவது வரியில்
சடைச்சி, பூஜ்ஜியம்.

"இது தப்பா விழுந்துருச்சா?"
"இல்லைங்க. வந்தா. ஏணி சரிஞ்சு கையில அடி.
பேரு இருந்தாத்தான் வருகைக் கூலி ஏறும்."

கோளாறு டவரில் இல்லை.
எடை பூஜ்ஜியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்
என்று போன ஆடியில்
எழுதியவள் நான்.
ஒரு வரி உதைத்தால்
நாற்பத்திரண்டும் வெளியே நிற்கும்.

திருத்த ஒரே ஒரு குறி போதும்.
ஆனால் திருத்தினால் சர்வரை நிறுத்தி ஏற்ற வேண்டும்,
நிறுத்தினால் நினைவில் இருப்பது போகும்.
மணி எட்டு ஐம்பத்தெட்டு.

தேதி காலண்டரில் நாளைய தாளையும் சேர்த்துக் கிழித்து
பின்பக்கம் எழுதினேன்.
பால்பாயிண்ட் நடுவில் நின்றது.
மீதியை ஐப்ரோ பென்சிலில்.

ஒன்பது ஐந்துக்கு சர்வர் விழுந்தது, எழுந்தது.
ஜெரோமின் போன் பழைய குக்கீயை நீட்டியது.
இருந்தால் மட்டும் கொடு, புதிதாய் உண்டாக்காதே
என்றுதான் ஜாவாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.
இல்லை என்றது.
பதினோரு வருசமாக மலையில் கணக்கெழுதுகிறவரிடம்
யார் நீ, பாஸ்வேர்ட் என்ன என்றது.

நான் படிக்கப் படிக்க அவர் அடித்தார்.
"முதல்ல அந்தப் பதினேழைப் போட்டுருவோம் மேடம்."
போட்டோம்.
ஏற்றுக்கொண்டது.

செல்லம்மா முப்பத்தெட்டா, முப்பத்தாறா?
பென்சில் எழுத்து வியர்வையில் ஈஷியிருந்தது.
முப்பத்தெட்டு என்றேன்.