இரவு மீட்டர்

இரவு இரண்டு மணி.
செட்டிகுளம் சந்திப்பில் ஜவுளிக்கடை பூட்டிக் கிடக்கிறது.
மீட்டர் மட்டும் மணிக்குப் பதினாலு யூனிட்
தின்றுகொண்டிருக்கிறது.

டார்ச்சும் கிளாம்ப் மீட்டருமாக ஏறினேன்.
பட்டுப் பிரிவில் ஏசி ஓடுகிறது.
முகமில்லாத பொம்மை மணப்பெண்களுக்கு
பதினெட்டு டிகிரி.

நாலாம் மாடி, துணி மடிக்கிற இடம்,
ரோஸ்லெட் பாய் பத்து மணி நேரம் நிற்கிற இடம்:
முப்பத்தாறு.
அதைப் பகலில் அளந்தேன்.

வெப்பக் கேமராவில்
மேற்குச் சுவரின் நடுவே ஒரு செவ்வகம் நிறம் மாறியது.
தட்டினேன். பொள்ளென்றது.
"பழைய சன்னலு. வெளிய கண்ணாடி போட்டப்ப அடைச்சது"
என்றார் எலக்ட்ரீசியன் தாணுலிங்கம்.

முதலாளி ரசலையன் ஒன்றே ஒன்று கேட்டார்:
"போட்ட காசு எத்தன மாசத்துல திரும்பும்?"
"பத்தொன்பது."
"பின்ன உடைங்க."

ஆனி மாதம்.
ஆணிகள் துருவேறி, ஒவ்வொன்றாய் முனகி வந்தன.

இத்தனை வருடம்
இந்தச் சுவரை உரசிக் கடந்து
ஆரல்வாய்மொழிக்குப் போய்
காற்றாலை இறக்கையைச் சுற்றி
கம்பியேறித் திரும்பி
பில்லோடு உள்ளே வந்துகொண்டிருந்த காற்று
நேரே வந்தது.
மடித்த சேலைகளெல்லாம் ஒருமுறை கலைந்தன.

அறிக்கையில் எழுதினேன்:
சன்னல் ஒன்று, நாலடிக்கு மூன்றடி.
நிமிர்ந்தபோது
ரோஸ்லெட் பாய் அதன் திட்டில் உட்கார்ந்திருந்தார்,
செருப்பைக் கழற்றிவிட்டு.

படியில் சூப்பர்வைசரின் காலடி.
எழுந்துவிட்டார்.